ஜாக்கி ஸ்லட்டின் பதினோரு வருடங்கள்

2004ஆம் வருடம் பிரிட்டனில் பத்திரிகை வாசிப்பவர்களுக்கு நல்ல வருடமாக இல்லை. 1980இல் தொடங்கிய ‘தி ஃபேஸ்’ அந்த வருடம் நின்றது. இசை, உடை, புகைப்படம் என்று ஒரு தலைமுறையின் ரசனையில் கை வைத்த பத்திரிகை என்பதால் அதன் முடிவைப் பற்றி நிறையப் பேர் எழுதினார்கள். அதே வருடம்தான் ‘ஜாக்கி ஸ்லட்’ என்ற பத்திரிகையும் நின்றது. ஹவுஸ், டெக்னோ என்று கிளப்களில் டிஜேக்கள் போடும் இசையைப் பற்றிய பத்திரிகை அது. பெயர் கொஞ்சம் முரட்டுத்தனமானது, வேண்டுமென்றே அப்படி வைத்தது. என்னைக் கேட்டால் அந்த இரண்டில் பெரிய இழப்பு ஜாக்கி ஸ்லட்தான். இருபது வருடம் தாண்டியும் அந்த எண்ணம் மாறவில்லை.

நான் மேற்படிப்புக்காக மான்செஸ்டர் போனது 2001இல். ரஷோம் பக்கம் ஒரு பழைய வீட்டில் நான்கு பேர் தங்கியிருந்தோம். அதில் ஒரு பையன் யாழ்ப்பாணத்தில் பிறந்து சின்ன வயதிலேயே இங்கிலாந்துக்கு வந்தவன். பகலில் மருந்துக்கடை வேலை, சனிக்கிழமை இரவுகளில் டிஜே. அவன் அறையில் கட்டிலைவிட வினைல் தட்டுகளுக்குத்தான் அதிக இடம். பக்கத்தில் ஜாக்கி ஸ்லட் இதழ்கள் முழங்கால் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். எனக்கு அந்த இசை பற்றி அப்போது ஒன்றும் தெரியாது. இதழ் ஒன்றை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தபோது, “கடைசிப் பக்கங்களில இருந்து வாசியுங்கோ அண்ணை, புதுத் தட்டு விமர்சனம் எல்லாம் அங்கதான்” என்றான். அப்படித்தான் வாசிக்க ஆரம்பித்தேன். கேட்டே இராத பாட்டுகளைப் பற்றி நூற்றுக்கணக்கான குட்டி விமர்சனங்கள். ஐந்து வரிதான் இருக்கும், ஆனால் அதை எழுதியவர் முந்தைய இரவு அந்தத் தட்டுக்கு ஆடியிருக்கிறார் என்பது தெரியும்.

அந்தப் பத்திரிகையை 1993இல் ஆரம்பித்தவர்கள் ஜான் பர்ஜஸ், பால் பென்னி என்ற இருவர். மான்செஸ்டரிலேயே, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் ஃபேன்சினாகத் தொடங்கினார்கள். ரசிகர்களே கைக்காசைப் போட்டு, தாங்களே எழுதி, தாங்களே கடை கடையாகக் கொண்டுபோய் வைக்கும் இதழைத்தான் ஃபேன்சின் என்பார்கள். நம் சிற்றிதழ்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலை.

1993 மான்செஸ்டருக்கு எப்படிப்பட்ட வருடம் என்று பார்த்தால் அந்தத் துணிச்சலின் அளவு தெரியும். 1982இல் திறந்த ஹசியெண்டா கிளப்தான் அமெரிக்காவின் சிகாகோ, டெட்ராய்ட் நகரங்களில் பிறந்த இசையை இங்கிலாந்தின் வடபகுதிக்குக் கொண்டுவந்து பழக்கியது. 1988, 89இல் உலகமே அந்தக் கிளப்பைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் அந்தப் புகழுக்குப் பின்னாலேயே போதைமருந்து வியாபாரமும் துப்பாக்கி வைத்திருந்த கும்பல்களும் வந்தன. 1991இல் கிளப்பை நடத்தியவர்களே அதைச் சில மாதம் மூடி வைக்க வேண்டி வந்தது. அதற்குப் பின்னால் நின்ற ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் நிறுவனம் 1992 நவம்பரில் திவாலானது. லண்டன் பத்திரிகைகள் மான்செஸ்டரின் கதை முடிந்தது என்று அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டன. அந்த நேரத்தில்தான் இந்த இரண்டு பேரும், இங்கே இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்று பத்திரிகை போட்டார்கள்.

அவர்களுக்கு முன்னோடிகள் இருந்தார்கள். எண்பதுகளில் லிவர்பூலில் பீட்டர் ஹூட்டன் நடத்திய ‘தி எண்ட்’ கால்பந்து, உடை, இசை, கேலி எல்லாவற்றையும் கலந்து கொடுத்தது. அதைப் பார்த்து 1986இல் லண்டனில் ஆண்ட்ரூ வெதரால், டெரி ஃபார்லி முதலான நண்பர்கள் ‘பாய்ஸ் ஓன்’ ஆரம்பித்தார்கள். இந்த இரண்டும் உள்ளூர் கிண்டல் பேச்சில், வெளியாள் புரிந்துகொள்வாரா என்ற கவலையே இல்லாமல் எழுதப்பட்டவை. ஜாக்கி ஸ்லட்டின் ரத்தம் அங்கிருந்து வந்தது. இன்னொரு பக்கம் ‘மிக்ஸ்மேக்’ இருந்தது. 1983இல் டிஜேக்களுக்கான கறுப்பு வெள்ளைச் செய்திமடலாகப் பிறந்து, தொண்ணூறுகளில் பளபளப்பான பெரிய பத்திரிகையாக வளர்ந்துவிட்டது. எந்தக் கிளப்பில் கூட்டம், எந்த டிஜே நட்சத்திரம், இபிஸா தீவில் இந்தக் கோடையில் என்ன விசேஷம் என்பது அதன் உலகம். அதைக் குறை சொல்லவில்லை, அதற்கும் வாசகர்கள் இருந்தார்கள். பெயர் இல்லாதவர்களுக்கான இடம் மட்டும் அங்கே சின்னதாகிக்கொண்டே போனது.

நடன இசையில் பெயர் இல்லாதவர்கள்தான் முக்கியம். இது ராக் இசைக்காரர்களுக்குச் சட்டென்று புரியாத விஷயம். ராக் இசையில் ஒரு குழு, ஒரு பாடகர், ஒரு முகம் உண்டு. இங்கே படுக்கையறையில் ஒருவர் ஒரு டிரம் மெஷினையும் சிந்தசைசரையும் வைத்துக்கொண்டு ஒரு பாட்டைச் செய்வார். அதைச் சில நூறு தட்டுகளாக அச்சடித்து, நடுவில் எந்த எழுத்தும் இல்லாத வெள்ளை லேபிளோடு கடைகளுக்கும் டிஜேக்களுக்கும் கொடுப்பார்கள். ரேடியோவில் வராது, டிவியில் வராது. சனிக்கிழமை இரவு ஐந்நூறு பேர் அதற்கு ஆடுவார்கள், யாருக்கும் அது என்ன பாட்டு என்று தெரியாது. திங்கட்கிழமை ஈஸ்டர்ன் பிளாக் மாதிரி தட்டுக் கடைக்குப் போய் விற்பனையாளரிடம் வாயால் முனகிக் காட்டித்தான் கேட்க வேண்டும். இந்தச் சூழலில் ஒரு பத்திரிகை அந்த ஆளைத் தேடிக் கண்டுபிடித்து, நான்கு பக்கத்துக்குப் பேட்டி எடுத்து, புகைப்படம் போடுகிறது என்றால், ஒரு வரலாறே அங்கேதான் எழுத்தில் பதிவாகிறது. வேறு எங்கேயும் பதிவாகாது.

டாஃப்ட் பங்க் என்ற மின்னணு இசை ஜோடியின் கதையை எடுத்துக்கொள்ளலாம். பாரிஸைச் சேர்ந்த இரண்டு பையன்கள், 1994இல் கிளாஸ்கோவின் சோமா என்ற சின்ன லேபிளில், அதாவது தட்டு வெளியிடும் நிறுவனத்தில், முதல் தட்டு வெளியிட்டபோது இருவருக்கும் இருபது வயதை ஒட்டித்தான் இருக்கும். அவர்களுடைய மிக ஆரம்பகாலப் பேட்டிகளில் ஒன்று ஜாக்கி ஸ்லட்டில் வந்தது. பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம், முதல் ஆல்பம், ரோபோ தலைக்கவசம் எல்லாம் பின்னால் வருபவை. அதேபோல, மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்த இடத்தில் சந்தித்துக்கொண்ட டாம் ரோலண்ட்ஸும் எட் சைமன்ஸும். கெமிக்கல் பிரதர்ஸ் என்று பிறகு உலகம் அறிந்த அந்த ஜோடி அப்போது டஸ்ட் பிரதர்ஸ் என்ற பெயரில் இருந்தது. 1995இல்தான் பெயரை மாற்றிக்கொண்டார்கள். பத்திரிகைக்கு அவர்கள் நட்சத்திரங்களாக அறிமுகமானவர்கள் இல்லை, அதே நகரத்தில் அதே கிளப் வரிசைகளில் நின்றவர்கள்.

டெட்ராய்ட் டெக்னோவுக்கும் அவர்கள் கொடுத்த மரியாதை பெரிது. கார் தொழிற்சாலைகள் மூடிக்கொண்டிருந்த, பாதி காலியான ஒரு அமெரிக்க நகரத்திலிருந்து கறுப்பின இளைஞர்கள் செய்த இசை அது. சொந்த நாட்டிலேயே அவர்களைப் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. பஞ்சாலைகள் மூடிய மான்செஸ்டர்க்காரர்களுக்கு அந்த இசையில் என்ன கேட்டது என்று என்னால் ஊகிக்க முடிகிறது. அதே மான்செஸ்டர் வட்டாரத்தின் ராச்டேலிலிருந்து ஒடேக்கர் என்ற மின்னணு இசை ஜோடி வந்ததும் அந்தக் காலத்தில்தான்.

1994இல் பிரிட்டிஷ் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. திறந்தவெளியில் இரவில் நூறு பேரோ அதற்கு மேலோ கூடி இசை கேட்பதைப் போலீஸ் கலைக்கலாம் என்றது அது. எந்த மாதிரி இசை என்பதையும் சட்டத்திலேயே விவரித்திருந்தார்கள்: திரும்பத் திரும்ப வரும் தாளத்தைக் கொண்ட இசை. ஒரு ஜனநாயக நாட்டின் பாராளுமன்றம் ஒரு தாளத்துக்குச் சட்டப் பிரிவு எழுதியது என்பதை இன்றைக்கு வாசித்தாலும் கோபம்தான் வருகிறது. வயல்வெளிகளில் நடந்த கூட்டங்கள் அதோடு குறைந்தன, எல்லாம் உரிமம் வாங்கிய கிளப்களுக்குள் நகர்ந்தன. பர்ஜஸும் பென்னியும் அதே வருடம் ‘பக்ட் அவுட்’ என்ற கிளப் இரவைத் தொடங்கினார்கள். ஆன்கோட்ஸ் பகுதியில் பீஹைவ் மில் என்ற பழைய பஞ்சாலைக் கட்டடத்தில் இருந்த சேங்கீஸ் சோப் என்ற கிளப்தான் இடம்.

பத்திரிகை நடத்துபவரே கிளப் இரவும் நடத்தலாமா, யாரைப் பற்றி எழுதுகிறாரோ அவரையே மேடைக்குக் கூப்பிடுவது நியாயமா என்ற கேள்வி வரும். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு அது பலமாகவே படுகிறது. இதழில் ஒருவரை மேதை என்று எழுதிவிட்டு அடுத்த வெள்ளிக்கிழமை அவரை அழைத்துவந்தால், வாசகர் நேரில் வந்து நிற்கிறார். ஆடுதளம் காலியானால் எழுதியவர் அங்கேயே பார்க்க வேண்டும். விமர்சகருக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை இல்லை. பத்திரிகை எழுத்தில் இருந்த நேர்மைக்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மொக்கையான தட்டை மொக்கை என்று எழுதினார்கள். பிடித்ததைப் பற்றி வெட்கமில்லாமல் உருகினார்கள். அங்கே எழுதிப் பழகியவர்களில் எம்மா வாரன் போன்றவர்கள் பிறகு பிரிட்டிஷ் இசை எழுத்தில் முக்கியமான பெயர்களானார்கள்.

சரி, இவ்வளவு நன்றாகப் போன பத்திரிகை ஏன் நின்றது?

பத்திரிகைப் பொருளாதாரம் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிரிட்டனில் கடைகளுக்கு இதழ்கள் போவது விற்றால் காசு, விற்காவிட்டால் திருப்பி என்ற முறையில். அச்சகத்துக்கு உடனே பணம் கொடுத்தாக வேண்டும், விற்ற காசு விநியோகஸ்தர் வழியாக மாதங்கள் கழித்துத்தான் வரும். அதிலும் கடைக்காரர், விநியோகஸ்தர் பங்கு போக மிச்சம் கொஞ்சம். நடுவில் இருக்கும் பள்ளத்தை விளம்பரம்தான் நிரப்பும். விளம்பரம் கொடுப்பவர்கள் இசை லேபிள்கள், கிளப்கள், பிறகு உடை, மது, செல்பேசி நிறுவனங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, சின்னக் குழு, குறைந்த பிரதிகள் என்று இருக்கும்வரை அந்தப் பள்ளம் தாண்டக்கூடியது. வளரும்போதுதான் ஆழம் தெரிகிறது.

1999இல் ஸ்வின்ஸ்டெட் பப்ளிஷிங் என்ற நிறுவனம் ஜாக்கி ஸ்லட்டின் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. பத்திரிகை மாத இதழானது. அந்த முடிவை எடுத்தவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. அன்றைக்கு நடன இசையில் புரண்ட பணத்தைப் பார்த்த யாரும் அப்படித்தான் முடிவெடுத்திருப்பார்கள். லண்டனில் மினிஸ்ட்ரி ஆஃப் சவுண்ட், லிவர்பூலில் க்ரீம், ஷெஃபீல்டில் கேட்க்ராஷர் என்று கிளப்கள் எல்லாம் பிராண்டுகளாகி, சீடி, டி-ஷர்ட், சுற்றுப்பயணம் என்று விற்றன. மிக்ஸ்மேக்கை அதற்குள் ஈமாப் என்ற பெரிய நிறுவனம் வாங்கியிருந்தது. ஐபிசி நிறுவனம் 1995இலேயே ‘மியூசிக்’ என்ற நடன இசைப் பத்திரிகையை இறக்கியிருந்தது. மினிஸ்ட்ரி ஆஃப் சவுண்டே சொந்தமாகப் பத்திரிகை நடத்தியது. அட்டையில் இலவச சீடி ஒட்டி விற்கும் போட்டி வேறு. இத்தனைக்கும் நடுவில், கடை அலமாரியில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்க்கும் பத்திரிகை தொலைந்துபோகும் என்று அவர்கள் பயந்திருந்தால் அது நியாயமான பயம்.

ஆனால் மாத இதழ் என்றால் வருடத்துக்கு ஆறு அட்டைக்குப் பதில் பன்னிரண்டு அட்டை. தெரியாத முகத்தை அட்டையில் போட்டால் விற்பனை அடிபடும். தெரிந்த முகங்கள் எல்லாப் பத்திரிகையிலும் இருக்கும். பக்கங்களை நிரப்ப வேண்டும், விளம்பரக்காரரின் மாதக் கணக்கு பார்க்க வேண்டும். நான் வாசிக்கத் தொடங்கியது இந்த மாத இதழ்க் காலத்தில்தான். என் அறைத்தோழனின் அடுக்கில் அடியில் இருந்த பழைய இதழ்களை அப்புறம் படித்தபோது வித்தியாசம் தெரிந்தது. எழுத்தின் தரம் இறங்கவில்லை, கடைசிவரை இறங்கவில்லை. பழைய இதழ்களில் ஒருவிதமான அவசரமின்மை இருந்தது. சொல்ல விஷயம் இருந்ததால் எழுதியது போல இருந்தது.

அதற்குள் அந்தப் பணமே வற்ற ஆரம்பித்திருந்தது. திருப்பம் என்று எல்லோரும் காட்டுவது 1999 டிசம்பர் 31. புத்தாயிரம் பிறக்கும் இரவுக்குக் கிளப்கள் டிக்கெட் விலையை ஏகத்துக்கு ஏற்றின, டிஜேக்கள் ஒரே இரவுக்குக் கேட்ட தொகையும் அப்படி. ஜனங்கள் வீட்டிலும் தெருவிலும் நண்பர்களோடு கொண்டாடிவிட்டுப் போனார்கள். பல இடங்கள் பாதி காலியாக இருந்தன. லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் 1999இல் பெரும் செலவில் திறந்த ஹோம் கிளப்பின் உரிமம் 2001இல் பறிபோனது. க்ரீம் தன் வாராந்திர இரவை 2002இல் நிறுத்தியது. இளைஞர்கள் கிடார் குழுக்களின் பக்கம் திரும்பினார்கள். பிரிட்டிஷ் இசைத்துறையின் பிரிட் விருதுகளில் நடன இசைக்கென்று இருந்த பிரிவு 2004க்குப் பிறகு பல வருடம் இல்லை. 2003இல் மியூசிக் பத்திரிகை நின்றது, மினிஸ்ட்ரி பத்திரிகையும் அந்தச் சமயத்தில்தான் போனது.

இங்கே எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. அந்தச் சரிவு பெரிய கிளப்களின் சரிவு. இசை சரியவில்லை. பெர்லினில், கொலோனில், மான்செஸ்டரிலேயே சின்ன அடித்தளக் கிளப்களில் அந்த வருடங்களில் அருமையான வேலைகள் நடந்துகொண்டிருந்தன. ஜாக்கி ஸ்லட் எந்த உலகத்துக்காகப் பிறந்ததோ அந்த உலகம் நன்றாகவே இருந்தது. மாத இதழானபோது அது சேர்ந்த சந்தைதான் சரிந்தது. பெரிய படகோடு கயிறு கட்டிய சின்னப் படகு மாதிரி, அந்த இழுப்பில் இதுவும் போய்விட்டது.

இணையமும் சேர்ந்துகொண்டது. என்ன பாட்டு, யார் செய்தது, எங்கே கிடைக்கும் என்ற மூன்று கேள்விக்கும் அதுவரை பத்திரிகையும் தட்டுக் கடையும்தான் பதில். 2001இல் ரெசிடென்ட் அட்வைசர் என்ற நடன இசை இணையதளம் வந்தது. 2004 தொடக்கத்தில் பீட்போர்ட் வந்து, டிஜேக்கள் பாட்டுகளை நேரடியாகத் தரவிறக்கி வாங்கத் தொடங்கினார்கள். பல வாரம் முன்பே எழுதி அச்சுக்குப் போகும் மாத இதழால் அந்த வேகத்துக்கு ஓட முடியாது. லேபிள்களின் விளம்பரப் பணமும் மெல்ல அந்தப் பக்கம் போனது. 2004இல் ஜாக்கி ஸ்லட் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும், இணையத்தில் கூடுதலாக இயங்கும் என்று மாறினார்கள். தாமதமாக வந்த சரியான யோசனை என்றே எனக்குத் தோன்றுகிறது. மெதுவான அச்சிதழில் நீண்ட பேட்டிகள், வேகமான செய்திகளுக்கு இணையம் என்ற அந்தப் பிரிவினையைத்தான் பின்னால் பல பத்திரிகைகள் கையிலெடுத்தன. ஆனால் நிலைத்து நிற்க அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. சில மாதங்களிலேயே மூடிவிட்டார்கள்.

ஓல்டாம் தெருவில் பிக்காடிலி ரெக்கார்ட்ஸ் கடையில் அடுத்த இதழ் எப்போது வரும் என்று கேட்டபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. இனி வராது என்று கடைக்காரர் சொன்னார். அங்கிருந்தே என் அறைத்தோழனுக்குச் சொன்னேன். அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது, சொல்ல மனம் வரவில்லையாம்.

பக்ட் அவுட் மட்டும் நிற்கவில்லை. சேங்கீஸிலிருந்து லிவர்பூல், லண்டன் என்று இடம் மாறிக்கொண்டே ஓடியது. பத்திரிகையின் துணைக்குப் பிறந்தது பத்திரிகையைவிட நீண்ட காலம் வாழ்ந்தது. அதற்குக் காரணம் தேடி ரொம்பத் தூரம் போக வேண்டாம். கிளப் இரவுக்கு வாசலில் காசு வந்துவிடும், திருப்பி அனுப்பும் பிரதி கிடையாது.

அந்தப் பதினோரு வருட இதழ்களை வைத்திருப்பவர்கள் தூக்கிப்போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். இன்று டாஃப்ட் பங்க் பற்றியோ ஆண்ட்ரூ வெதரால் பற்றியோ ஆயிரம் பக்கம் கிடைக்கும். வெதரால் 2020இல் இறந்தபோது எல்லாப் பத்திரிகையும் எழுதின. ஆனால் மூன்று தட்டு வெளியிட்டுவிட்டுக் காணாமல் போனவர்கள், ஒரே ஒரு கோடைக்கு ஒரு ஊரையே ஆட வைத்தவர்கள், இரண்டு வருடம் நடந்து மூடிய கிளப்கள், இவர்கள் எல்லாம் அந்தக் கடைசிப் பக்கங்களில் மட்டும்தான் இருக்கிறார்கள். தேடுபொறியில் அவர்கள் பெயரைத் தட்டினால் பல பேருக்கு ஒரு தட்டின் பட்டியல் எண் மட்டும்தான் வருகிறது. அவர் என்ன நினைத்தார், ஏன் அந்தச் சத்தத்தைத் தேடினார் என்பதை யாரோ ஒருவர் அப்போது உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

2022இல் பர்ஜஸும் பென்னியும் திரும்பி வந்தார்கள். பழைய பத்திரிகையின் அட்டைச் சுலோகத்தில் இருந்த ‘டிஸ்கோ போகோ’ என்ற சொற்களையே புதிய பெயராக வைத்து, வருடத்துக்கு இரண்டு முறை மட்டும் வரும் தடிமனான இதழாகக் கொண்டுவருகிறார்கள். நல்ல தாள், நீண்ட கட்டுரைகள், அவசரமில்லாத பேட்டிகள். 1993இல் ஆரம்பித்ததைவிடவும் மெதுவான வேகம். முதல் இதழ் கைக்கு வந்த அன்று இரவே முழுவதும் வாசித்து முடித்தேன். இப்போது லண்டனில் குடும்பத்தோடு இருக்கும் என் நண்பனும் வாங்கியிருக்கிறான். எங்கள் வயதுக்காரர்கள் இதற்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தயாராக இருக்கிறோம், அதனால் அது தாக்குப்பிடிக்கும் என்று நம்புகிறேன்.

அவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கத் தோன்றுகிறது. புதியவர்களுக்கும் இடம் கொடுக்கிறார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் நிறையப் பக்கங்கள் தொண்ணூறுகளை நினைத்துப் பார்ப்பதில் போகின்றன. எங்களைப் போன்றவர்கள் அதைத்தான் ஆசையாக வாசிப்போம் என்று அவர்களுக்குத் தெரியும். இருந்தாலும் இந்த வருடம் தன் முதல் தட்டை வெளியிட்ட பத்தொன்பது வயதுக்காரர் ஒருவரை, அவர் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாவிட்டாலும், அட்டையில் போடுங்கள். நாங்கள் வாங்குவோம்.